இரண்டரைப் பக்கமும் ஒரு வால்வும்

நெஞ்சைப் பிளந்து மூடி ஆறு கிழமையாகிறது. கேத்திலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால் தூக்கக் கூடாது, கார் ஓட்டக் கூடாது, பக்கவாட்டில் சரிந்து படுக்கக் கூடாது. எழுதக் கூடாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. புலம்பெயர்ந்து வந்து வாழும் இந்த டூங்கபியில் என்னைக் காண்கிறவர்கள் எல்லாரும், "என்ன மாஸ்டர், எப்பிடி இருந்தது?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் நெஞ்சைப் பற்றிய பயம். அவர்களுக்காக நோயைப் பற்றி எழுதுகிறேன். அதோடு சேர்த்து இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை எவரும் கேட்கவில்லை.

தொடக்கத்தில் அது இருமல் என்றே நினைத்தேன். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தேன். ரயில் நிலையப் படிகளில் பாதி வழியில் நின்று, நேர அட்டவணையைப் படிப்பதுபோல நடித்து மூச்சு வாங்கினேன். 2011 சித்திரையில் ஒரு காலை, சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவன் நிமிர முடியாமல் போனேன். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லக் காற்றுப் போதவில்லை. முப்பத்துநான்கு வருடம் வகுப்பறையில் கத்தியவனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அம்புலன்சில் கொண்டுபோனார்கள்.

நுரையீரலில் நீர் என்றார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறும் இடத்தில் மூன்று இதழ் கொண்ட ஒரு வாசல் இருக்கிறது. அதற்கு அயோர்ட்டிக் வால்வு என்று பெயர். வயதாக ஆக, சிலருக்கு அதில் கல்சியம் படிந்து, பழைய கேத்திலின் உட்பக்கம்போல இறுகிவிடுகிறது. வாசல் திறக்காதபோது இரத்தம் பின்னால் தேங்குகிறது. தேங்கிய இடத்திலிருந்து நீர் நுரையீரலுக்குள் கசிகிறது. இவ்வளவுதான். வயிற்றிலிருக்கும் பிள்ளையைப் பார்க்கிற அதே வகை மெஷினை நெஞ்சில் வைத்து உருட்டி இதையெல்லாம் கண்டுபிடித்தார்கள். அதற்கு எக்கோ என்று பெயர், வலிக்காது. பிறகு மணிக்கட்டுக்குள்ளால் மெல்லிய குழாய் விட்டு இதயத்தின் இரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். அது அஞ்சியோகிராம். அதுவும் பயந்த அளவுக்கு இல்லை.

பயங்கரமானது காத்திருப்பு. நீர் போக மருந்து ஏற்றினார்கள். காலையில் நிறுத்துப் பார்ப்பார்கள். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் ஒன்றும் குடிக்கக் கூடாது. மேசையில் ஒரு ஜாடியை வைத்து அளந்து குடித்தேன். தண்ணீரைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும், இருந்தால் இடுப்பு நோகும், எழுந்தால் மருந்துக் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து நடந்து, அறைக் கதவுகளின் இலக்கங்கள் மனப்பாடமாகின. சத்திரசிகிச்சைக்கு என்று இரண்டு தரம் பட்டினி போட்டார்கள். இரண்டு தரமும் என்னைவிட அவசரமான ஒருவர் வந்துவிட்டார், நாளை என்றார்கள். கோபப்பட முடியாது. அந்த அவசரமானவனாக நான் வந்த நாளும் இருந்தது.

என் தங்கை பரமேஸ்வரி, நான் பரா என்று கூப்பிடுவேன், ஒவ்வொரு நாளும் ரயிலில் வந்தாள். என் மனைவி இறந்த பிறகு பரா என் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்குக் கணவரும் இல்லை. இருந்த ஒரே மகன் கேதீஸ் இயக்கத்துக்குப் போய், தொண்ணூறுகளில் ஒரு சண்டையில் முடிந்துபோனான். உடல் வரவில்லை. அவள் உப்பில்லாத சொதியும் இடியப்பமும் கொண்டுவருவாள். மன்னிப்புக் கேட்பவள்போல மூடியைத் திறப்பாள். "உப்பில்லாட்டில் எனக்கே இறங்குதில்லை, உங்களுக்கு எப்பிடி இறங்கும்" என்பாள்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. டொக்டர்மார் வந்து சொல்வதை நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். புது வால்வு மாட்டின் இதயச் சவ்வில் செய்தது என்றார்கள். எங்கள் வீட்டில் மாட்டின் பெயரே அடுப்படிக்குள் வராது. "ஒருவகைப் பிளாஸ்டிக்" என்று சொல்லிவிட்டேன். ஒப்பரேஷனில் சிலருக்குப் பாரிசவாதம் வரலாம், சிலர் எழும்பாமலே போகலாம் என்றார்கள். "எல்லாம் சுகமா முடியுமாம்" என்று சொன்னேன். அவளைப் பயப்படுத்தாமல் இருக்கிறேன் என்பது என் எண்ணம்.

சத்திரசிகிச்சை நிபுணர், வீட்டில் என்னைப் பார்க்கப்போவது தங்கைதான் என்பதால் அவளோடு நேரடியாகப் பேச வேண்டும் என்றார். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன் என்றேன். குடும்பத்தவர் மொழிபெயர்ப்பது இங்கே விதிப்படி இல்லை என்று தாதி சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் ஆங்கிலம் படிப்பித்தவன் என்றேன். அதற்கும் சிரித்தாள்.

உரைபெயர்ப்பாளராக வந்தவள் நிரோஷா என்ற மட்டக்களப்புப் பிள்ளை. நாற்பது வயதிருக்கும். கதிரையைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொடங்கும் முன்னரே சொன்னாள்: "அன்ரி, டொக்டர் சொல்லுறது எல்லாத்தையும் உங்களுக்குச் சொல்லுவன். நீங்க சொல்லுறது எல்லாத்தையும் அவருக்குச் சொல்லுவன். ஒண்டையும் விடமாட்டன், கூட்டவும் மாட்டன். இதை டொக்டருக்குச் சொல்லாத பிள்ளை எண்டு சொன்னா, அதையும் சேத்துச் சொல்லிப்போடுவன்."

அப்படித்தான் செய்தாள். டொக்டர் தன் பேனையைக் காணவில்லை என்று தனக்குள் முணுமுணுத்ததையும் தமிழில் சொன்னாள். பராவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உந்தப் பிள்ளை டொக்டர் தும்மினாலும் தமிழில தும்மும்" என்றாள். நிரோஷா முகம் மாறாமல் அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். டொக்டரும் சிரித்தார்.

பிறகு நெஞ்செலும்பை வெட்டுவது, இதயத்தை நிறுத்துவது, மெஷின் இரத்தத்தைச் சுற்றவைப்பது, எல்லாம் வந்தது. மாடும் வந்தது. பாரிசவாதமும் வந்தது. எழும்பாமலே போவதும் வந்தது.

பரா என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, பிளாஸ்டிக் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

நிரோஷா அதையும் டொக்டருக்குச் சொன்னாள். டொக்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். வகுப்பில் கொப்பி அடித்துப் பிடிபட்டவனின் நிலை எனக்கு.

டொக்டரும் பராவும் போனபின் கொரிடோரில் நிரோஷாவிடம், "பிள்ளை, அவள் பயப்படுவாள் எண்டுதான் விட்டனான்" என்றேன்.

"அங்கிள், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவங்க" என்றாள். "நானும் ஒருக்கா ஒரு சின்னச் சொல்லை விட்டுட்டன். தேவையில்லை எண்டு நானே நினைச்சு. மூண்டு நாள் சாப்பாடு இறங்கல்ல." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "வில்லாவுட் தடுப்பு முகாமில மூண்டு மணிக்கு ஒராளின்ட அகதி விசாரணை இருக்கு. போயிட்டு வாறன், அங்கிள்."

மூன்று நாள். என்னுடையது இருபது வருடம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் என் வீட்டுக்கு இயக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். சாக்குப் பையில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் போட்டோப் பிரதி. பசிபிக் போரில் ஒரு பவளத்தீவில் அமெரிக்க மரைன் படையினர் இறங்கியதைப் பற்றிய புத்தகம். மூன்று கிழமையில் தமிழில் வேண்டும் என்றார். மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பின்னாளில் எனக்கு நானே சாட்டுச் சொன்னதுண்டு. உண்மை என்னவென்றால், மறுக்க எனக்கு மனமே வரவில்லை. பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கில வினைக் காலங்களைச் சொல்லிக்கொடுத்தவனைத் தேடி வரலாறு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தத் தீவு சின்னது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க முக்கால் மணித்தியாலம் போதும். ஜப்பானியர் தென்னங்குற்றிகளை அடுக்கி, மேலே மணல் கொட்டி, உள்ளே இருந்தார்கள். அமெரிக்கக் கப்பல்கள் குண்டு பொழிந்த பொழிவில் தீவே புகையாகிவிட்டது. இனி அங்கே உயிர் மிஞ்சாது என்று கப்பலில் இருந்தவர்கள் நம்பினார்கள். மணல் குண்டை விழுங்கிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

தீவைச் சுற்றிக் கடலுக்குள் ஒரு பவளப் பாறைமேடை. அதற்கு மேல் ஓர் ஆள் நெஞ்சளவு தண்ணீர் நின்றால் படகுகள் தாண்டிவிடும். அன்று நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தில் இரண்டரைப் பக்கம். நிலா முழுதாக இருக்கும் நாட்களில் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அரை நிலா நாட்களில் ஏறவும் மாட்டாது, வற்றவும் மாட்டாது, சோம்பிக் கிடக்கும். அந்தத் தீவுகளில் வாழ்ந்து பழகிய ஒருவர், இந்த நாளில் போகாதீர்கள், தண்ணீர் காணாது என்று எச்சரித்தும் இருந்தார். கேட்கவில்லை. படகுகள் பாறையில் தட்டி நின்றன. சங்கிலிச் சக்கரம் பூட்டிய சில வண்டிகள் மட்டும் ஊர்ந்து ஏறின. மற்றவர்கள் குதித்தார்கள். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கழுத்தளவு, இடுப்பளவு, மறுபடி கழுத்தளவு தண்ணீரில், ஒளிக்க ஓர் இடமில்லாமல், கரையை நோக்கி நடந்தார்கள். தண்ணீரில் ஓட முடியாது. நடக்கத்தான் முடியும். மணலுக்குள் இருந்தவர்களுக்கு அவசரமே இருக்கவில்லை.

நடந்ததை மொழிபெயர்த்தேன். ஏன் நடந்தது என்ற இரண்டரைப் பக்கத்தை விட்டேன்.

அரை நிலா நாளின் அந்தச் சோம்பல் கடலுக்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல். சைக்கிளில் போய்க் கேட்டிருந்தால் வலை பொத்துகிற எந்த மனிதரும் சொல்லியிருப்பார். நான் போகவில்லை. மீன் எங்கள் படலை வாசலுக்கு வரும், நாங்கள் கரைக்குப் போவதில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான் வாழ்ந்தோம். வாத்தியார் போய்க் கடற்றொழிலாளியிடம் சொல் கேட்பதா? எங்கள் கடல் அவ்வளவு ஏறி இறங்குவதில்லை, இது எமக்குத் தேவையற்ற பகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பக்கங்களைப் புரட்டினேன். விட்டதை ஓரத்தில் ஒரு குறிப்பாகக்கூடப் போடவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு, கரையோர இராணுவ முகாம் ஒன்றைத் தாக்கப் படகுகளில் போன பெடியன்களில் கேதீஸும் இருந்தான். தப்பி வந்த அவனுடைய சிநேகிதன் ஒருவன் பராவிடம் சொன்னான்: படகு தூரத்திலேயே தரை தட்டிவிட்டது, தண்ணீரில் நடந்தோம், கேதீஸ் எனக்கு முன்னால் நடந்தான். நான் அந்த விறாந்தையில் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றும் வாய் திறக்கவில்லை.

ஒப்பரேஷனுக்கு மூன்றாவது முறையாகத் தேதி குறித்தார்கள். எழும்பாமலே போகலாம் என்று டொக்டர் சொன்னது வேறு யாருக்கோ சொன்னதல்ல. அதற்கு முதல் நாள் பின்னேரம் பரா கட்டிலருகே இருந்து மண்டரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். புத்தகம், இரண்டரைப் பக்கம், கரைக்குப் போகாதது, எல்லாம். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதால் வெகுநேரம் எடுத்தது.

அவள் பழத்தின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அந்தப் படகுகளை ஓட்டினது ஆரெண்டு தெரியுமே உங்களுக்கு?" என்றாள். "கடல்ல பிறந்த பெடியள். தண்ணி எங்கை நிக்கும், எங்கை வத்தும் எண்டு அவங்களுக்கு உங்கட புத்தகமே சொல்லவேணும்? அவங்கள் சொல்லியிருப்பாங்கள். மேலயிருந்தவை கேட்டிருக்க மாட்டினம். உங்களுக்கு எதிலையும் நீங்கள்தான் நடுவில நிக்கவேணும், அண்ணை."

ஒரு கணம் நெஞ்சு லேசானது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் லேசானது.

"அப்ப அந்தப் புத்தகம் உங்கட எழுத்தே?" என்று கேட்டாள். "அதில இப்பிடி ஒரு இடம் இருக்கோ?" கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "‘தீவு விழவில்லை. அதைக் காத்தவர்கள் கடைசி ஒருவன்வரை விழுந்த பின்னர், வெறும் மணல்தான் பகைவன் கையில் அகப்பட்டது.’"

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அவன்ர கடைசிக் கடிதத்தில கிடக்கு" என்றாள். "அவன் இப்பிடி எழுத மாட்டான். அவனுக்குப் பகைவன் எண்ட சொல்லே வராது. ஆரோ பெரிய தலைவர் சொன்னதாக்கும் எண்டு நினைச்சிருந்தன். எனக்கு மனப்பாடம். அது அந்த வெள்ளைக்காரன்ர புத்தகத்தில இருந்ததோ?"

இருக்கவில்லை. ஜப்பானியரின் முடிவைப் புத்தகம் வறட்சியாகச் சொல்லியிருந்தது. எனக்கு அது போதவில்லை. தமிழ் எழுந்து நிற்க வேண்டும் என்று, அந்த வசனத்தை நானே எழுதிச் சேர்த்தேன். பல தரம் வாய்விட்டு வாசித்துப் பார்த்துச் சீராக்கினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிக நல்ல வசனம் அதுதான் என்று இரகசியமாக நினைத்திருந்தேன்.

"இல்லை" என்றேன். "நான் எழுதினது."

உரித்த பழத்தைச் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் வைத்தாள். கையைத் துடைத்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். போட்டு வாறன் என்று சொல்லவில்லை.

ஒப்பரேஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதுவே நல்ல செய்தி, பயப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய். பேச முடியாது. நெஞ்சிலிருந்து இரண்டு குழாய்கள் ஒரு பெட்டிக்குள் இறங்கின. உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றினார்கள். அந்த ஒரு துளிக்கு எதையும் கொடுத்திருப்பேன். குழாய் எடுத்ததும் தாதியிடம் முதலில் கேட்டது தங்கையைப் பற்றி. அன்று காலை ஆறு மணியிலிருந்து காத்திருக்கும் அறையில் இருந்தாளாம். ஒப்பரேஷன் சரி என்று கேட்டதும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாளாம். உள்ளே வந்து பார்க்கவில்லை.

இருமினால் பிளந்த எலும்பு கத்தியால் குத்துவதுபோல இருக்கும். சுருட்டிய துவாயை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். இரும வேண்டியதும் அவசியம், இல்லாவிட்டால் நுரையீரலில் சளி கட்டும். நாளுக்குப் பல தரம் கதிரையில் இருத்தி இரும வைத்தார்கள். ஒவ்வொரு தரமும் கதவைப் பார்த்தேன். அவள் வரவில்லை. மற்றவர்களுக்கு வந்த சாப்பாட்டு மணம் வந்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மத்தியானம் வந்தாள். கையில் ஒன்றுமில்லை. கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தத் தீவில நிண்ட யப்பான்காரர் எல்லாரும் செத்தவையோ?"

ஓம் என்றால் அத்தோடு முடிந்துவிடும். என் வசனமும் உண்மையாகிவிடும். அவளுக்கும் சொல்ல ஏதாவது மிஞ்சும். நிரோஷா என்ற அந்தப் பிள்ளை பின்னால் கதிரை போட்டு இருப்பதுபோல எனக்கு இருந்தது.

"இல்லை" என்றேன். "கிட்டத்தட்ட எல்லாரும் செத்தவைதான். கொஞ்சப் பேர் உயிரோட பிடிபட்டவை."

"எப்பிடி?"

"குழிக்குள்ளயிருந்து தாங்களாவே வெளியில வந்தவை."

"அது புத்தகத்தில இருந்ததோ?"

"இருந்தது. ஒரே ஒரு வரி."

"பிறகேன் தமிழில இல்லை? இடம் காணாமல் போட்டுதோ?"

"இடம் இருந்தது, பரா. அது நிண்டால் என்ர வசனம் நிக்காது. அதாலை எடுத்திட்டன்."

இருமல் வந்தது. துவாயை எட்ட முடியவில்லை, அது மற்றப் பக்கம் கிடந்தது. அவள் எடுத்துத் தரவில்லை. வெறுங்கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தேன். முடியும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே கார்த் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சமைக்கிறாள், மருந்தை நேரத்துக்கு எடுத்து வைக்கிறாள், உப்பு அளந்து போடுகிறாள். தேவையானதைத் தவிர என்னோடு கதைப்பதில்லை. அது எவ்வளவு காலத்துக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

அன்று வார்டில் நான் இருமி முடித்து மூச்சு அடங்கிய பிறகு அவள் சொன்னாள்:

"அந்த வரியை இப்ப தமிழில சொல்லுங்கோ. ஒண்டும் கூட்டாமல்."

இருபது வருடத்தில் ஒரு சொல்லும் எனக்கு மறந்திருக்கவில்லை. சொன்னேன்.

"மூன்றாம் நாள் சிலர் கைகளை உயர்த்தியபடி வெளியே வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது."

அவள் உதடு அசைந்தது. உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னொருக்கால்" என்றாள்.